வலது தோளில் முந்தானை

அத்தியாயம் 4

“பொம்மைக்கு வெக்கம் உண்டுமா அண்ணாச்சி?” என்று அல்போன்ஸ் கேட்டான்.

சுயம்புலிங்கம் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நின்ற பொம்மையைப் பார்த்துக்கொண்டிருந்தார். பத்து வருஷமாகத் துப்பறிகிறவர். முட்டத்துக்காரன் அல்போன்ஸ் அவருடன் சேர்ந்து மூன்று வருஷமாகிறது. பதில் வராத கேள்விகளுக்கு அவன் பழகிவிட்டான்.

தக்கலையில் யேசுரத்தினம் ஜவுளிக் கடையைத் தவிர வேறு கடைக்கு இப்படி ஒரு கண்ணாடிக்கூடு இல்லை. ஆள் உயரக் கண்ணாடி. உள்ளே கொழும்பிலிருந்து வந்த பெண் பொம்மை. அதன் தலைக்கு மேலே ஒரு கடிகாரம். கடிகாரம் யேசுரத்தினத்தின் யோசனை. மணி பார்க்க நிற்கிறவன் சேலையையும் பார்ப்பான்.

கண்ணாடியின் உட்புறம் ஒரு நீலத் திரை இருந்தது. அது ஊரின் யோசனை. பொம்மைக்கு முதல் தடவை சேலை மாற்றியபோது சாலையில் கூட்டம் கூடிவிட்டது. சபையிலிருந்து வந்து பேசினார்கள். கோயிலிலிருந்தும் வந்தார்கள். இரண்டு தரப்பும் ஒன்றாகச் சேர்ந்து வந்தது அந்த ஒரு காரியத்துக்குத்தான். அன்றிலிருந்து சேலை மாற்றும்போது திரை மூடும். மாற்றுகிறவள் பெண்ணாக இருப்பாள். அந்த வேலைக்கு வந்தவள் நேசபாய்.

“உண்டும் போல” என்று அல்போன்ஸே சொல்லிக்கொண்டான். “எங்க ஊர்ல மனுஷன் குளிக்கதுக்கே இவ்வளவு மறைவு கெடையாது.”

உள்ளே கல்லாப்பெட்டிக்குப் பின்னால் யேசுரத்தினம் உட்கார்ந்திருந்தார். அங்கிருந்து பார்த்தால் பொம்மையின் முதுகு தெரிந்தது. முதுகில் சேலை இல்லை; முன்பக்கம் மட்டும்தான் உடுத்தியிருந்தது. மிச்சத் துணியை மடித்துக் குண்டூசி குத்தியிருந்தது.

“வெள்ளைப் பட்டு” என்றார். “வெள்ளிச் சரிகை. கரை பூராவும் திராட்சைக் கொடி. காஞ்சிபுரத்துல சொல்லி நெய்ஞ்சது. மகனுக்க கல்யாணத்துக்குப் பெண்ணு உடுக்கதுக்கு. விக்கதுக்கு இல்ல.”

“பின்னே எதுக்குக் கூட்டுல வச்சிய?”

“ஊரு பாக்கட்டும்னு.”

“கண்ணு பட்டிராதா?” என்றான் அல்போன்ஸ். யாரும் சிரிக்கவில்லை. “கண்ணாடி இருக்குல்லா” என்று அவனே முடித்தான்.

“சனிக்கிழமை பெண்ணுக்க அம்மை பாக்க வந்தாவ. கூட்டுக்குள்ள கை விட்டுத் தடவினாவ. பருத்தி. எங்க கடைச் சரக்குதான். வெள்ளைச் சேலைக்குப் பதிலா வெள்ளைச் சேலை. எனக்கு நாக்கு ஒட்டிப்போச்சு. தூசி படாம இருக்கப் பட்டை வீட்டுல பெட்டியில வச்சிருக்கேன்னு சொன்னேன். நம்பிட்டாவ. வாற புதன் கல்யாணம். அதுக்குள்ள சேலை வரணும். வரல்லன்னா நேசபாயை ஸ்டேஷன்ல ஒப்படைச்சிருவேன். சேலை போனது இது வரைக்கும் வெளியில ஒருத்தருக்கும் தெரியாது.”

“அவதான்னு எப்பிடிச் சொல்லுதிய?”

“போன வாரம் திங்கக்கிழமை உச்சைக்கு திரை மூடிக் கெடந்துன்னு ரோட்டுல கேட்ட எல்லாரும் சொல்லுதாவ. நாங்க சோறு தின்னப் போன நேரம். திரை மூடினா உள்ள நேசபாய். வேற ஆரு?”

“அன்னைக்கு வேலைக்கு வந்தாளா?”

“வந்தா. காலத்தயே நெய்யூர்ல இருந்து ஆள் வந்துட்டு. ஆஸ்பத்திரியில கெடந்த தங்கச்சி ஜெயபாய் போயிட்டான்னு. உடனே எறங்கினா. போறவ மாதிரிப் போயி, பக்கவாசல் வழியாத் திரும்பி வந்திருக்கா.” அவர் கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்தார். “நான் மோசமானவன் இல்ல, கேட்டியளா. மறுநாள் அடக்கத்துக்கு நானே நெய்யூர் போனேன். பெட்டிக்கப் பக்கத்துல நின்னு என் கையால பூ வச்சேன். அப்ப சேலை போனது தெரியாதே.”

சுயம்புலிங்கம் பொம்மையின் பக்கம் திரும்பினார். “முந்தானை வலது தோளில கெடக்கு.”

“ஆமா. ரெண்டு மூணு பொம்பளையள் வந்து, பம்பாய் மோஸ்தரான்னு கேட்டாவ. ஆமான்னேன். துக்கம் கழிஞ்சு வந்ததும் நேசபாய் அதை மாத்தப் போனா. தொடாதேன்னு சொல்லிட்டேன். சனங்களுக்குப் பிடிச்சிருக்கு.”

“வக்கீல் வீட்டு அம்மா நேத்து அப்பிடித்தான் உடுத்துப் போனாவ” என்றான் அல்போன்ஸ். “இன்னும் ஒரு மாசம் விட்டா ஊரே இடது கையால சோறு தின்னும்.”

“கடிகாரம் நிக்குதே” என்றார் சுயம்புலிங்கம்.

“எட்டு நாள் ஓடும். எதுத்த கடை வாட்சு ரிப்பேர் பொன்னுலிங்கம் திங்களுக்குத் திங்கள் வந்து சாவி குடுப்பான். இந்தத் திங்கள் ஆளைக் காணல்ல. கையில வேலை நெறய, தெரக்கா இருக்கும்.”

நேசபாய் பின்கட்டில் துணி மடித்துக்கொண்டிருந்தாள். முப்பது வயது இருக்கும். உதடுகளுக்கு நடுவில் இரண்டு குண்டூசிகள். இவர்களைப் பார்த்ததும் அவற்றை எடுத்துச் சட்டையின் ஓரத்தில் குத்திக்கொண்டாள்.

“நான்தான் எடுத்தேன்” என்றாள். “எழுதிக்கிடுங்க.”

“எங்க வச்சிருக்க?”

“எங்கயும் இல்ல.”

“வித்துட்டியா?”

“இல்ல.”

“திருப்பிக் குடுப்பியா?”

“முடியாது.”

ஒரு சேலையின் நீளத்தைச் சொல்வதுபோல் சொன்னாள். கை மடிப்பை நிறுத்தவில்லை.

“ஏட்டி, போலீஸ்காரன் கூட்டிட்டுப் போவான்” என்றான் அல்போன்ஸ்.

“கூட்டிட்டுப் போவட்டும்.”

“அங்க மடிக்கதுக்குத் துணி கூடக் கெடைக்காது.”

அவள் அவனைப் பார்த்தாள். அவன் காலை மாற்றி நின்றான்.

“முந்தானைய எதுக்கு வலது தோளில போட்ட?” என்று சுயம்புலிங்கம் கேட்டார்.

அப்போதுதான் கை நின்றது. “பம்பாய் மோஸ்தர்” என்றாள் சற்றுக் கழித்து. மறுபடியும் மடித்தாள்.

வெளியே வந்து சாலையோரத்தில் நின்றார்கள். வெயில் ஏறியிருந்தது.

“ஏலே, உனக்க அம்மைக்குக் கண்ணைக் கெட்டிட்டுச் சேலையைக் குடுத்தா முந்தானை எந்தத் தோளுக்குப் போவும்?”

“இடது தோளுக்கு. அதுக்குக் கண்ணு எதுக்கு?”

“தங்கச்சி செத்த அன்னைக்கு ஒருத்தி இருந்து மோஸ்தர் கண்டுபிடிப்பாளா?”

அல்போன்ஸ் தலையைச் சொறிந்தான். “அப்ப ஆம்பளை. சேலை உடுக்கத் தெரியாதவன். நல்ல அடையாளம் அண்ணாச்சி. உம்மையும் என்னையும் சேத்து ஊர்ல பாதிப் பேரு ஆச்சு.”

சுயம்புலிங்கம் தம் தோர்த்துத் துண்டை இடது தோளில் போட்டுக்கொண்டு அவனுக்கு எதிரே நின்றார். “தோர்த்து உனக்க எந்தக் கைப்பக்கம் கெடக்கு?”

“வலது.”

அதை எடுத்து அவனிடம் கொடுத்தார். “எனக்குப் பின்னால வந்து, இப்பப் பாத்த பக்கமாட்டே போடு.”

அல்போன்ஸ் பின்னால் போனான். தோர்த்தைத் தன் வலது கைப்பக்கம் போட்டான். அது அவருடைய வலது தோளில் விழுந்தது. அதையே கொஞ்ச நேரம் பார்த்தான்.

“கடைக்காரனுவளுக்குப் பொம்மைக்க முதுகுதான் பழக்கம்” என்றார் சுயம்புலிங்கம். “இத உடுத்தினவன் முன்பக்கம் பாத்துப் பழகினவன். ரோட்டுல இருந்து. நாள் தவறாம.”

“ரோட்டுல தக்கலை பூராவும் நிக்குதே.”

“நிக்கட்டும். முதல்ல நெய்யூர்.”

நெய்யூர் ஆஸ்பத்திரியில் ஞானம் என்ற ஆயா கிடைத்தாள். கிணற்றடியில் துணி அலசிக்கொண்டிருந்தாள். ஜெயபாயின் பெயரைச் சொன்னதும் கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு வந்தாள்.

“அக்காகாரி உச்சைக்கு இங்க இருந்தாளா?”

“உச்சைக்கு முந்தியே வந்தாச்சு. தலைமாட்டுல உக்காந்தவ ராத்திரி வரைக்கும் எழும்பல்ல. டாக்டர் அம்மாட்ட வேணும்னாலும் கேளுங்க.”

அல்போன்ஸ் சுயம்புலிங்கத்தைப் பார்த்தான். அவர் முகம் அப்படியே இருந்தது.

“பிள்ளைக்கு என்ன உடுத்தி அடக்கினிய?”

“வெள்ளைப் பட்டு” என்றாள் ஞானம். “கல்யாணம் கழியாத பிள்ளைய மணப்பெண்ணாட்டுல்லா அனுப்புவோம். ஒரு வெள்ளைச் சேலை எரவல் கிட்டுமான்னு நாங்க தேடிட்டிருந்தோம். சாயங்காலம் பஸ்ஸுல ஒரு பொட்டலம் வந்து. மேல நேசபாய்க்க பேரு. பிரிச்சா பட்டு. ஆரோ புண்ணியவான்னு சொன்னேன். அவ ஒண்ணும் சொல்லல்ல. கரையில வெரலை ஓட்டினா. அங்கங்க பொடிப்பொடியா ஓட்டை, ஊசி குத்தினது போல. கொஞ்ச நேரம் அதையே பாத்துட்டு இருந்தா. பின்னே குண்டூசி கேட்டா.”

“குண்டூசியா?”

“உயிரில்லாத உடம்புல சேலை சுத்த ஒக்காது பாத்துக்கிடுங்க. நாங்க சும்மா மேல விரிச்சுப் போடுவோம். அவ முன்னால கொசுவம் வச்சா. ரெண்டு பக்கமும் மடக்கிக் குத்தினா. தோளில முந்தானையைப் போட்டா. பாத்தா பிள்ள தானே உடுத்துட்டுக் கெடக்கது போல இருந்து. நான் இவ்வளவு வருஷத்துல அப்பிடி ஒருத்தியப் பாத்ததில்ல.” ஞானம் வாளியை எடுத்துக்கொண்டாள். “அவ கண்ணுல ஒரு துளி தண்ணி வரல்ல.”

திரும்பும் பஸ்ஸில் அல்போன்ஸ் ஜன்னல் பக்கம் உட்கார்ந்தான்.

“அப்ப சேலை மண்ணுக்குள்ள இருக்கு” என்றான்.

“ஆமா.”

“எடுக்காதவ ஏன் எடுத்தேன்னு சொல்லணும்?”

“ஆரு சேலைன்னு அவளுக்குத் தெரியும். தெரிஞ்சுதான் உடுத்தினா. அவ திருடின்னு ஆயிட்டா விஷயம் அவளோட முடிஞ்சிரும். இல்லன்னா, ஆரு குடுத்தான்னு தேடுவாவ. செத்த பிள்ளைக்கு ஒரு ஆம்பளை எதுக்குக் கல்யாணச் சேலை அனுப்பினான்னு கேப்பாவ. தோண்டிப் பாக்கணும்னும் ஒருத்தன் சொல்லுவான்.”

“பின்னே நாம எதுக்குத் தேடுதோம்?”

“அவ ஜெயிலுக்குப் போகாம இருக்க.”

பஸ் தக்கலைக்குள் நுழைந்தது. கண்ணாடிக்கூட்டின் முன்னால் ஒருவன் மணி பார்க்க நின்றான். கடிகாரம் நிற்பதைப் பார்த்துவிட்டுப் போனான்.

“ஏலே, கூட்டுக்குள்ள போறது ஆரெல்லாம்?”

“நேசபாய் மட்டும்.”

“ரெண்டு பேரு. ஒருத்தி திரையை மூடிட்டுப் போவா. அவள ஊரு எண்ணும். இன்னொருத்தன் திரையைத் திறந்து வச்சுட்டே போவான். அவன எண்ணாது.”

அல்போன்ஸ் கடிகாரத்தைப் பார்த்தான். பிறகு சாலையின் எதிர்ப்பக்கத்தைப் பார்த்தான். “எண்ணெய் இல்லாம மீன் பொரிக்கீரே அண்ணாச்சி” என்றான்.

பொன்னுலிங்கத்தின் கடை ஒரு மேஜையும் ஒரு ஸ்டூலும் மட்டும். மேஜை சாலையைப் பார்த்துக் கிடந்தது. அவன் கண்ணில் லென்ஸை மாட்டிக்கொண்டு ஒரு வாட்சின் வயிற்றைப் பார்த்துக்கொண்டிருந்தான். நெற்றியில் வெள்ளை நாமம். சுயம்புலிங்கத்தின் நெற்றியிலும் அதே நாமம்தான்.

“இந்தத் திங்கள் ஏன் சாவி குடுக்கப் போகல்ல?”

பொன்னுலிங்கம் லென்ஸை எடுத்தான். “சாவி இல்ல. கூட்டுக்குள்ள விட்டுட்டேன்.”

“எடுக்கலாம்லா.”

“பிறவு உள்ள போக ஒக்கல்ல.”

“நெய்யூர்ல இருந்து வாரோம்” என்றார் சுயம்புலிங்கம்.

பொன்னுலிங்கம் தலையை மட்டும் ஆட்டினான். வாட்சின் மூடியைப் பொருத்தி அழுத்தினான்.

“அந்தப் பிள்ள உமக்கு ஆரு?”

“ஆரும் இல்ல.”

“பேசினது உண்டுமா?”

“இல்ல. என் பேரு கூட அதுக்குத் தெரியாது.”

“பின்னே?”

“அக்காளுக்குச் சோறு கொண்டு வரும். வந்தா கூட்டுக்கு முன்னால கொஞ்சம் நிக்கும். மணி பாக்குன்னு நெனச்சேன்.” அவன் எதிரே பார்த்தான். “நடுவுல கடிகாரத்துக்கு வில்லு ஒடிஞ்சு போச்சு. திருவனந்தபுரத்துல இருந்து வர நாளாச்சு. அதுவரைக்கும் கடிகாரம் சும்மா நின்னு. அப்பவும் வந்து நிக்கும். அப்பத்தான் மணி பாக்கல்ல, சேலையத்தான்னு மனசிலாச்சு.”

சாலையில் ஒரு மாட்டு வண்டி போனது.

“அன்னைக்குக் காலத்த நேசபாய் கடை வாசல்ல நின்னு, ஒரு வெள்ளைச் சேலை எரவல் வாங்கணும்னு சொன்னா. எனக்கு இங்க வரைக்கும் கேட்டுது. உச்சைக்குச் சாவி குடுக்க வழக்கம் போலப் போனேன். பக்கவாசல் எனக்குத் திறந்துதான் கெடக்கும். சாவி குடுத்தேன். பிறவு திரையை மூடினேன்.”

“அந்தப் பருத்திச் சேலையை நீரா உடுத்திவிட்டீரு?”

“தெனமும் இங்க இருந்து பாக்கத நெனச்சு வச்சு உடுத்தினேன். ஒண்ணுபோல இருக்கணுமே.”

“ஒண்ணுபோலத்தான் இருக்கு” என்றான் அல்போன்ஸ். “தோள் மட்டும் மாறிப்போச்சு.”

பொன்னுலிங்கம் திரும்பிப் பொம்மையைப் பார்த்தான். இத்தனை நாள் பார்த்தும் அது அவனுக்குத் தெரிந்திருக்கவில்லை.

“நேசபாயை ஸ்டேஷன்ல ஒப்படைக்கப் போறாவ” என்றார் சுயம்புலிங்கம்.

“அன்னைக்கு அவ ஊர்லயே இல்லையே.”

“திரை மூடினா அவதான். அவளும் தான்தான்னு சொல்லுதா.”

பொன்னுலிங்கம் எழுந்தான். மேஜை மேல் கிடந்த வாட்சுகளை ஒவ்வொன்றாக இழுப்பறைக்குள் வைத்தான். “வாரேன். முதலாளிட்டச் சொல்லுதேன்.”

“என்ன சொல்லுவீரு?”

“நான் எடுத்தேன்னு.”

“எதுக்குக் குடுத்தேன்னு கேப்பாரு. நீரு எங்கிட்டச் சொன்ன பதிலை அவருட்டயும் சொல்லுவீரு. நாளைக்குக் காலத்த சந்தையில அந்தப் பதில் எப்பிடி இருக்கும்?”

பொன்னுலிங்கம் இழுப்பறையில் கை வைத்தபடி நின்றான். பிறகு உட்கார்ந்தான்.

“நீரு வாட்சைப் பாரும்” என்றார் சுயம்புலிங்கம்.

யேசுரத்தினம் காத்துக்கொண்டிருந்தார். “கிட்டிச்சா?”

“கிட்டிச்சு.”

“எங்க? ஆரு?”

“முதல்ல ஒண்ணு கேக்கேன். அந்தச் சேலையைக் கடைசியா எப்பப் பாத்திய?”

“அந்தத் திங்கக்கிழமை காலத்த. இங்க இருந்துதான்.”

“இல்ல. அதுக்குப் பிறவும் பாத்திய. இதைவிடக் கிட்ட நின்னு பாத்திய.”

“எங்க?”

“நெய்யூர்ல. அது மேலதான் பூ வச்சிய.”

யேசுரத்தினத்தின் கண் பொம்மையின் முதுகுக்குப் போனது. அங்கே குண்டூசிகள் வரிசையாக இருந்தன.

“திராட்சைக் கொடி உங்க கையில பட்டிருக்கும்” என்றார் சுயம்புலிங்கம்.

“நான் முகத்தைத்தான் பாத்தேன்” என்றார் யேசுரத்தினம். குரல் இறங்கியிருந்தது. “சின்னப் பிள்ளை. முகத்தைத்தான் பாத்தேன்.”

கடைப் பையன்கள் துணித் தட்டுகளைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

“நேசபாய் எடுக்கல்ல. அன்னைக்கு உச்சைக்கு அவ நெய்யூர்ல இருந்தா. ஆஸ்பத்திரியில கேட்டாச்சு. பொட்டலம் சாயங்காலம் பஸ்ஸுலதான் போயிருக்கு.”

“பின்னே ஆரு எடுத்தா?”

“ஸ்டேஷன்ல வச்சுச் சொல்லுதேன். எழுதும்போது போலீஸ்காரன் ஒண்ணு கேப்பான். காணாமப்போன சரக்கை அதுக்குப் பிறவு பாத்தது உண்டுமான்னு. நீங்கதான் பதில் சொல்லணும்.”

யேசுரத்தினம் கல்லாப்பெட்டியின் மூடியைத் தடவினார்.

“சந்தையில நல்ல நாளா இருக்கும்” என்றான் அல்போன்ஸ். “ஜவுளிக்காரரு தன் சேலையத் தானே பூ வச்சு அனுப்பிட்டுத் திருடனத் தேடுதாருன்னு. பெண் வீட்டுலயும் கேப்பாவ, பெட்டியில இருக்குன்னு சொன்னியளே, எந்தப் பெட்டின்னு.”

சுயம்புலிங்கம் அவனைப் பார்த்தார். அல்போன்ஸ் தரையைப் பார்த்தான்.

யேசுரத்தினம் எழுந்து கண்ணாடிக்கூட்டின் பக்கம் போனார். பொம்மையின் பின்னால் நின்றார். ஒரு குண்டூசியைத் தொட்டுவிட்டுக் கையை எடுத்தார்.

“விட்டுரும்” என்றார். “நாகர்கோயில்ல வேற பட்டு பாக்கேன்.”

“ஆருன்னு?”

“எனக்குத் தெரியண்டாம்.” திரும்பாமலே சொன்னார். “நேசபாயிட்டச் சொல்லும். நாளைக்கு இதுக்குச் சேலை மாத்தணும். வேற நெறமா எடுக்கட்டும்.”

“முந்தானை?”

“அவளுக்கு எப்பிடித் தெரியுமோ அப்பிடி.”

மறுநாள் காலையில் திரை மூடியது. சாலையில் வழக்கம்போல் ஆட்கள் நின்றார்கள். வக்கீல் வீட்டு அம்மாவும் நின்றாள். அவள் முந்தானை வலது தோளில் இருந்தது. எதிர்க்கடையில் பொன்னுலிங்கம் ஒரு வாட்சைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

திரை விலகியது. பொம்மை பச்சைச் சேலையில் நின்றது. முந்தானை இடது தோளில் கிடந்தது. வக்கீல் வீட்டு அம்மா அதைப் பார்த்தாள். தன் தோளைப் பார்த்தாள். குடையை விரித்துக்கொண்டு போய்விட்டாள்.

நேசபாய் திரையைச் சுருட்டி ஓரத்தில் கட்டினாள். சாலையில் யாரையும் பார்க்கவில்லை. உள்ளே போனாள்.

“அண்ணாச்சி” என்றான் அல்போன்ஸ். “கடிகாரம்.”

கடிகாரம் ஓடிக்கொண்டிருந்தது. கூட்டின் தரை சுத்தமாகப் பெருக்கியிருந்தது. அதை நாள்தோறும் பெருக்குகிறவள் அவள்தான்.

“அப்ப சாவி அவளுக்க கையில...” அல்போன்ஸ் முடிக்கவில்லை. “முதல்லயே தெரியுமா அவளுக்கு?”

சுயம்புலிங்கம் எதிர்ப்பக்கம் பார்த்தார். பொன்னுலிங்கம் லென்ஸை நெற்றிக்கு ஏற்றியிருந்தான். கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். அவள் ஏதோ உத்தேசமாக முள்ளைத் திருப்பியிருக்க வேண்டும். அது சரியான மணிக்குப் பிந்தி ஓடியது.

பொன்னுலிங்கம் கையிலிருந்த வாட்சின் முள்ளைப் பின்னால் திருப்பி, அந்த மணிக்கு வைத்தான்.